ஸ்கேல் மேடத்தின் சாய்வு நிலை

“இப்போ மூச்சை இழுத்துக்கிட்டே மெதுவா நிமிருங்க” என்று சொல்லிவிட்டு, ஸ்கேல் மேடம் மட்டும் நிமிரவில்லை.

வலது பக்கமாகச் சாய்ந்து, வலது கையை முழங்கால் வரைக்கும் இறக்கி, இடது கையைத் தலைக்கு மேல் வளைத்து நின்றிருந்தார். நிமிர்ந்துவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். அந்த நேரம் பார்த்து இடுப்புக்குள் யாரோ படக்கென்று தாழ்ப்பாள் போட்டார்கள்.

எதிரே நின்ற வகுப்பு நிமிர்ந்தது. மேடம் நிமிராததைப் பார்த்ததும், நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடியும் சாய்ந்தது.

“மேடம், நிமிரணுமா, வேண்டாமா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். ரிட்டையர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“வேண்டாம். அப்படியே இருங்க.”

“இதுவரைக்கும் நீங்க இதைச் சொல்லித் தரலையே?”

“இது புதுசு.”

“பேர் என்ன மேடம்?”

மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “சாய்வு நிலை.”

வகுப்பு பெயரை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டது. கம்பீரமாகத்தான் இருந்தது.

மேடம் பிசியோதெரபிஸ்ட். முதுகு வலி, மூட்டு வலி, தோள் வலி என்று வருகிறவர்களைக் குணப்படுத்துவது தொழில். அவர்கள் உட்காருகிற லட்சணத்தைப் பார்த்துத் திட்டுவது பொழுதுபோக்கு. பஸ் நிறுத்தத்தில் கூன் போட்டு நிற்கும் முன்பின் தெரியாத ஆளையும் முதுகில் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் அடுத்த வேலை. அவர் நடந்து வந்தால் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்துவது போலிருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

கிளினிக் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. கீழே பன் சாப்பிட்டு ஏற்றிக்கொண்ட எடையை மேலே வந்து இறக்கலாம். இறக்கிய களைப்பில், போகிற வழியில் மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு கடைக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. நாள் முழுக்க நின்று நின்று முட்டி தேய்ந்த பேக்கரிக்காரரும் வகுப்பில் ஒருவர்.

“வீட்லயும் இதைப் பண்ணலாமா மேடம்?” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

எல்லாரும் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது மேடத்துக்கு. “தாராளமா பண்ணலாம். எவ்வளவு பண்றீங்களோ அவ்வளவு நல்லது. இன்னிக்கு வகுப்பு அவ்வளவுதான்.”

கடைசி ஆள் போனதும் இரண்டு கைகளையும் மெதுவாக இறக்கினார். கைகள் இறங்கின. உடம்பு மட்டும் சாய்ந்தபடியே நின்றது. கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் படியிறங்கி வீடு போய்ச் சேர்ந்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்தவர் மனைவியைப் பார்த்தார். தானும் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“என்ன ஆச்சு?”

“இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்! சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், சிரிச்சா உயிர் போகுது.”

“ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சுன்னு சொல்லு” என்றார் கணவர். “எப்படி ஆச்சு?”

எப்படி ஆச்சு என்று மேடத்துக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவமானம். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்கும் பிசியோதெரபி பிரிவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் அங்கிருந்த எலும்பு டாக்டர். அடுத்த வாரம் மேடத்தின் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பல வருஷக் கனவு. டாக்டர் முன்னால் ‘சரியாக உட்காருவது எப்படி’ என்று பேசலாம் என்று, முந்தின நாள் சாயங்காலம் முழுக்க சோபாவில் உட்கார்ந்து தயார் செய்தார். உட்கார்ந்து என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காலை மடக்கி அதன் மேல் சரிந்து, லேப்டாப்பை வயிற்றில் வைத்து, கழுத்தைக் கொக்கி போல் வளைத்துக்கொண்டு, நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் உழைத்தார். காலையில் எழுந்ததும் முதுகு விறைத்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் இருபது லிட்டர் தண்ணீர் கேனை முட்டியை மடக்காமல், இடுப்பை வளைத்து ஒரே தூக்காகத் தூக்கினார். அப்படித் தூக்கக்கூடாது என்று அந்த ஊர் முழுக்கச் சொல்லித் தந்தவர் அவரே.

“ரெண்டு நாள் லீவு போடு” என்றார் கணவர்.

“எதுக்குன்னு கேப்பாங்களே.”

“இடுப்பு பிடிச்சிருக்குன்னு சொல்லு.”

“நானா? ஒரு பல் டாக்டர் வாயைத் திறந்து, உள்ள ஒரு பல்லுகூட இல்லைன்னா அவர்கிட்ட யாராவது போவாங்களா?”

கணவர் வெந்நீர்ப் பையைத் தேடப் போனார்.

மறுநாள் மேடம் ஒரு முடிவோடு போனார். சாய்ந்தபடியே போவது, இன்றைக்கும் சாய்வு நிலைதான் என்று சொல்லிவிடுவது. நாளைக்குள் சரியாகிவிடும். ஒரு நாளைச் சமாளித்தால் போதும்.

உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றார். அவர் வருவதற்கு முன்னாலேயே வகுப்பு மொத்தமும் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. இவர் ஒரு பக்கம் சாய, எதிரே அவர்கள் அந்தப் பக்கமே சாய, கூடமே காற்றில் சாய்ந்த வயல் மாதிரி இருந்தது.

“என்ன, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?”

“நேத்துலேர்ந்து நான் இதை விடவே இல்லை மேடம்” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. “வீட்ல தங்கச்சியும் பார்த்துட்டு செஞ்சா. அவளும் வந்திருக்கா.”

பக்கத்தில் அதே வார்ப்பில் இன்னொரு அம்மாள் சாய்ந்து நின்று வணக்கம் சொன்னார்.

“உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று பேக்கரிக்காரரைக் கேட்டார் மேடம்.

“ரொம்பப் புடிச்சுப்போச்சு மேடம்” என்றார் அவர், கண்ணில் நீர் தளும்ப.

மேடத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இத்தனை வருஷமாக, அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், ஒரே தோளில் பையை மாட்டாதீர்கள், போனைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஒருத்தர் கேட்டதில்லை. வாய்க்கு வந்த பொய்யை ஒரே ஒரு நாள் சொன்னார். ஊரே கேட்கிறது.

அதற்கடுத்த நாள் கூட்டம் இன்னும் கூடியது. போகிற வழியெல்லாம் சாய்வு நிலைதான். பேக்கரிக்காரர் கல்லாவில் சாய்ந்தபடியே ரொட்டியை நீட்டினார். வயதான டாக்சி டிரைவர் ஒருவர், வகுப்பில் வாயே திறக்காமல் பின்வரிசையில் நிற்பவர், ஜன்னல் பக்கம் முழுக்கச் சாய்ந்தபடி வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மேடம் கையசைத்தார். அவர் மேடத்தைப் பார்த்த பார்வையில் என்னவோ ஒரு இறைஞ்சல் இருந்தது. பக்தி முற்றினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் எலும்பு டாக்டரே போனில் கூப்பிட்டார்.

“மேடம், உண்மையைச் சொல்லிடறேன். வேற ரெண்டு பேரையும் மனசுல வச்சிருந்தேன். ஆனா இப்போ எங்க பார்த்தாலும் உங்க சாய்வு நிலையைப் பத்தித்தான் பேச்சு. நான் வரும்போது அதைத்தான் பார்க்கணும். உட்கார்றதைப் பத்தின பேச்செல்லாம் வேண்டாம்.”

“அது ஒரு சின்ன விஷயம் டாக்டர்...”

“அடக்கம்!” என்று பாராட்டிவிட்டு டாக்டர் போனை வைத்தார்.

இடுப்பு மட்டும் இறங்கி வரவில்லை. கடைசியில் மேடம் தன் மானத்தை விழுங்கிக்கொண்டு, இன்னொரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக்கொள்ள முடிவு செய்தார். அந்த ஊரில் இன்னொருவர் என்றால் ஒருவர்தான். அவரிடமே தொழில் பழகி, பழகிய கையோடு அடுத்த தெருவில் கிளினிக் திறந்த ஜூனியர்.

மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃப் என்று கிளம்பினார். கணவர் கூட வந்தார். அவரை ஜூனியர் பார்த்ததில்லை.

“இவங்க என் அக்கா” என்று ஜூனியரிடம் அறிமுகம் செய்தார்.

மாஸ்க்குக்குள் மேடத்தின் மூச்சு ஒரு கணம் நின்றது. தங்கச்சி என்று சொன்னால் இந்த மனுஷனுக்கு என்ன கெட்டுப்போகும்?

“அக்கா பேச மாட்டாங்களா?”

“தொண்டை கட்டியிருக்கு.”

ஜூனியர் மேடத்தைச் சுற்றிவந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “அடேங்கப்பா! என்ன ஒரு சாய்வு! என்கிட்ட வர்றவங்கள்ல ஒருத்தருக்குக்கூட இவ்வளவு சுத்தமா வரலை.”

“சார், இது பயிற்சி இல்லை. பிடிப்பு.”

“பிடிப்புக்குத்தான் சார் இந்தப் பயிற்சியே! இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சா விட்டுடும்.” ஜூனியர் மேடத்தின் தோளில் கைவைத்து மேலும் சாய்த்தார். “இதைக் கண்டுபிடிச்சதே நான்தான், தெரியுமா? பேக்கரி மாடியில ஒரு மேடம் இருக்காங்க. எப்படியோ பார்த்து அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க.”

“ம்ம்ம்ம்!” என்றார் மேடம்.

“வலிக்குதா?”

“வலி இல்லை, கோபம்” என்று சொல்லப் போன கணவர், மேடம் காலை மிதித்ததும், “ரொம்ப வலிக்குதாம்” என்று திருத்திக்கொண்டார்.

அரைமணி நேரம் மேடம் தன்னுடைய பொய்யைத் தானே வைத்தியமாக அனுபவித்தார். வரும்போது வலி இடுப்போடு நின்றிருந்தது. இப்போது தோள் வரை ஏறியிருந்தது.

கிளம்பும்போது ஜூனியர் கையைக் கழுவிக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னார்: “அக்கா, இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்ல சோபாவுல சரிஞ்சு உட்காராதீங்க. நாற்காலியில நிமிர்ந்து உட்காருங்க, பாதம் தரையில படணும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. படுத்தே கிடக்காதீங்க, பிடிப்பு இறுகிடும். கனமா எதையாவது தூக்கணும்னா முட்டியை மடக்கித் தூக்குங்க. இதைச் செஞ்சாலே பாதி வலி வராது. ஆனா யாரு கேக்கறா?”

கடைசிக் கேள்வி வரை மேடத்தின் வசனம். அந்தப் பெருமூச்சுகூட அவருடையது. தன் குரலை இன்னொருத்தர் வாயில் கேட்டபோதுதான், இத்தனை வருஷத்தில் தானும் அதை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் மேடம் தன்னையே தன் நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். நோயாளி லேசுப்பட்டவர் இல்லை. சோபாவைக் கண்டால் கால் தானாக மடங்கியது. போனை எடுத்தால் கழுத்து தானாகத் தொங்கியது. கணவர் பக்கத்திலேயே நின்று, மேடத்தின் குரலை அப்படியே எடுத்து, “முதுகு! முதுகு!” என்று அதட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த சந்தர்ப்பம் போலிருந்தது.

காலையும் மாலையும் மெதுவாக நடை. தரையில் முட்டி போட்டு, கையூன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்தும் பயிற்சி. ஒத்தடம். நேரத்துக்குத் தூக்கம். தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் கிளினிக் பையிலிருந்து மணல் மூட்டைகள், டம்பெல்கள், படிக்காத புத்தகங்கள் எல்லாம் வெளியேறின. வகுப்பை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே நடத்தினார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் சாய்வு நிலையின் அடுத்த கட்டம் என்று எல்லாரும் எங்கிருந்தோ ஸ்டூல் கொண்டுவந்தார்கள்.

நாளுக்கு நாள் தாழ்ப்பாள் தளர்ந்தது. டாக்டர் வரவேண்டிய அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தவர், அதில் ஒரு ஸ்கேல் நிற்பதைக் கண்டார்.

“என்னங்க! நிமிர்ந்துட்டேன்!”

கணவர் ஓடி வந்தார். “அப்பாடா! பிரச்சினை தீர்ந்துச்சு.”

மேடம் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். “இப்பத்தாங்க ஆரம்பம். டாக்டர் சாய்வு நிலையைப் பார்க்க வர்றார். நான் சாய்ஞ்சா திரும்பவும் பிடிச்சுக்கும். நிமிர்ந்து நின்னா அவருக்கு நான் எதைக் காட்டறது?”

“கொஞ்சமா சாயேன்.”

“பயமா இருக்குங்க” என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து கணவர் கேட்டதில்லை. கேலி பண்ண வாயெடுத்தவர், துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கூடத்தில் நிற்க இடமில்லை. எலும்பு டாக்டர் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வகுப்பு மொத்தமும் சாய்ந்து நின்றது. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு அசைவு இல்லை.

“பிரமாதம்” என்றார் டாக்டர். “எங்க ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிகிட்ட நேரா படுங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. இது எந்தத் தசைக்கு மேடம்?”

“அது... பக்கத் தசைக்கு.”

“எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும்?”

“அவங்கவங்க இஷ்டம் டாக்டர்.”

“ஆரம்பிச்சது யாரு? எங்கேயாவது படிச்சீங்களா, இல்லை நீங்களே...”

மேடம் பதிலைத் தேடி வகுப்பைப் பார்த்தார். பின்வரிசையில் டாக்சி டிரைவர் தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் தூக்கினார். சாய்ந்த வாயில் தண்ணீர் நிற்காமல் காதோரம் வழிந்து சட்டையை நனைத்தது. துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதே பொறுமையோடு முயற்சி செய்தார். அவருடைய வயதுக்கு அந்தக் காட்சி நன்றாக இல்லை.

அதற்கு மேல் மேடத்தால் முடியவில்லை.

“டாக்டர், இது பயிற்சியே இல்லை” என்றார். “அன்னிக்கு எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சோபாவுல கோணலா உட்கார்ந்தேன், தண்ணி கேனைத் தப்பா தூக்கினேன். ஊருக்கே சொல்றதை நான் செய்யலை. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிட்டேன். இவங்க எல்லாம் என்னை நம்பி இத்தனை நாளா கோணிக்கிட்டு நிக்கறாங்க. என்னை மன்னிச்சுடுங்க.”

கீழேயிருந்து பன் வாசனை மட்டும் ஏறி வந்தது.

மேடம் வகுப்பின் பக்கம் திரும்பினார். “போதும். எல்லாரும் நிமிருங்க. இனிமே இதைப் பண்ணவே வேண்டாம்.”

ஒருத்தர்கூட நிமிரவில்லை.

“தயவு செஞ்சு நிமிருங்க. கோபம் இருந்தா ரெண்டு வார்த்தை திட்டிடுங்க. இப்படி நின்னு என்னைத் தண்டிக்காதீங்க.”

ஹெட்மிஸ்ட்ரஸ் தரையைப் பார்த்தார். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார். சாய்வு மட்டும் சாய்வாகவே இருந்தது.

டாக்டர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “மேடம், நான் முப்பது வருஷமா வைத்தியம் பார்க்கறேன். பொய்னு தெரிஞ்ச பிறகும் டாக்டர் மேல இவ்வளவு நம்பிக்கையோட நிக்கற நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை. பயிற்சி கிடக்கட்டும், இந்த நம்பிக்கைதான் எனக்கு வேணும். வேலை உங்களுக்குத்தான்.”

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் பின்வரிசைக்குப் போய், டாக்சி டிரைவரின் தோளில் அன்போடு கைவைத்தார்.

“நீங்களாவது சொல்லுங்க. உண்மை தெரிஞ்ச பிறகும் எதுக்காக இப்படியே நிக்கறீங்க? உங்க மேடம் மேல அவ்வளவு நம்பிக்கையா?”

டாக்சி டிரைவர் இடமும் வலமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது சார். முதல் நாள் சாய்ஞ்சவன்தான். நிமிர முடிஞ்சா நான் எதுக்கு சார் தினமும் இங்க வரப்போறேன்?”

கூடம் முழுக்க ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டது:

“உங்களுக்குமா?”